கமா இருந்த இடத்தில் புள்ளி

எக்கோவா, பிரிண்டா என்று கேட்டு நீங்கள் அனுப்பியிருந்த செய்தியைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பவளுக்கு இப்படி ஒரு கேள்வி வருவதே சந்தோஷம். பி.எச்.பி. கணினி மொழியில் ஒரு வரியைத் திரையில் காட்ட இரண்டு கட்டளைகள் இருக்கின்றன, இரண்டும் ஒரே வேலையைச் செய்கிற மாதிரிதான் தெரிகிறது, பிறகு எதற்கு இரண்டு, நாங்கள் எதை எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

புத்தகத்தில் இருக்கும் பதில் நாலே வரி. எக்கோ பல துண்டுகளைக் கமா போட்டு வாங்கிக்கொள்ளும். பிரிண்ட் ஒன்றைத்தான் வாங்கும். பிரிண்ட் ஒரு மதிப்பைத் திருப்பித் தரும், எக்கோ தராது. வேகத்தில் எக்கோ ஒரு மயிரிழை முன்னே என்பார்கள். இத்தனை வருஷத்தில் அந்த மயிரிழையை நான் கண்ணால் கண்டதில்லை.

இந்த நாலு வரியால் ஒரு மாம்பழ சீசனில் நம் அலுவலகம் பட்ட பாட்டை உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சம்பந்தப்பட்ட இரண்டு பேரும் இப்போது உங்களுக்கு மேலே இருக்கிறார்கள், அவர்கள் எப்படிச் சொல்வார்கள்? நான் சொல்கிறேன். பெயர்களை மாற்றிவிட்டேன். ஆள் யாரென்று நீங்கள் கண்டுபிடித்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

அப்போது ஓசூரில் நமக்கு இந்தப் பெரிய இடமெல்லாம் கிடையாது. ஒரு பேக்கரிக்கு மேலே மாடியில் இருந்தோம். கம்பெனிகளுக்கு கேட் பாஸ், எடைமேடை, கேன்டீன் டோக்கன் என்று சின்னச் சின்னதாக மென்பொருள் எழுதிக் கொடுப்பதுதான் வேலை. பகல் முழுக்க கீழேயிருந்து பன் வாசனை வரும், பசித்துக்கொண்டே வேலை செய்வோம். ஆறேழு பேர் இருந்ததில் இசக்கியும் முனிராஜும் எதிரெதிர் நாற்காலி.

இசக்கி நாங்குநேரிப் பக்கம். ஓசூர் வந்து சில வருஷம் ஆகியும் அவன் பேச்சில் ஒரு எழுத்து மாறவில்லை. முனிராஜ் தளிப் பக்கத்துப் பையன். வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளியில் தமிழ், கோபம் வந்தால் மூன்றும். இருவருமே கெட்டிக்காரர்கள். இருவருக்கும் கல்யாணமாகிக் குழந்தைகள் இருந்தன. ஆனாலும் அந்த இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே தினமும் ஒரு சண்டை நடக்கும்.

முனிராஜ் எக்கோ கட்சி. "இங்கிலீஷ்ல நாலெழுத்து தான்க்கா, சட்டுனு வந்துடுது. கமா போட்டா எத்தனை துண்டு வேணா அனுப்பலாம்" என்பான். இசக்கி பிரிண்ட் கட்சி. "எக்கோன்னா எதிரொலி. மலையில போயிக் கத்துனாத்தான் எதிரொலி வரும். நாம திரையில அச்சடிக்கோம், அதுக்குப் பேரு பிரிண்ட். பேருன்னா செய்யுத வேலையச் சொல்லணும்லா?" என்பான். டீ வந்தால் நிறுத்துவார்கள், டீ முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள். நானும் அதை ரசித்துக்கொண்டுதான் இருந்தேன். ஒருத்தர் எழுதியதை இன்னொருத்தர் திறக்கும்போதெல்லாம் எக்கோ பிரிண்டாகவும் பிரிண்ட் எக்கோவாகவும் மாறும். ஓடுகிற வரைக்கும் யாருக்கு என்ன?

அந்த வருஷம் கிருஷ்ணகிரிக்கு அப்பால், பர்கூர் போகிற வழியில் இருந்த ஒரு மாங்கூழ் ஆலைக்கு நாம்தான் வாசல் திரை செய்து கொடுத்திருந்தோம். ஆலைக்குள் பழம் இறக்க மூன்று வாசல்கள். பெங்களூரா ஒன்றில், அல்போன்சா ஒன்றில், நீலம் ஒன்றில். உள்ளே எந்த இயந்திரம் காலியாக இருக்கிறதோ அதைப் பொறுத்து எந்த ரகம் எந்த வாசலில் என்பது அன்றன்றைக்கு மாறும். அதனால்தான் திரை வேண்டியிருந்தது. வண்டி எடைமேடையில் ஏறி இறங்கினதும் டோக்கன் தருவார்கள். முகப்பில் ஒரு பெரிய டிவி. அதில் வாசல் ஒன்று என்று எழுதி அதன் பக்கத்தில் ஒரு டோக்கன் எண், வாசல் இரண்டு, பக்கத்தில் ஒரு எண், அப்படியே மூன்று. டிரைவர் தன் எண்ணைப் பார்த்து அந்த வாசலுக்கு வண்டியை ஓட்டுவார். அவ்வளவு எளிமையான பக்கம் அது. அதில் ஒரு தப்பு வரும் என்று சத்தியமாக யாரும் நினைக்கவில்லை.

சீசன் உச்சம். ஆலையின் மேனேஜர் போன் செய்து, திரையில் மேலே 'நல்வரவு' என்று ஒரு வார்த்தை போடுங்கள், விவசாயிகளுக்கு மரியாதையாக இருக்கும் என்று கேட்டிருந்தார். நல்ல யோசனைதான். இசக்கியிடம் சொன்னேன். மறுநாள் காலையில் நான் பஸ் பிடித்து ஆலைக்குப் போய்விட்டேன், எடைமேடை அறையில் இருந்த இரண்டு பெண்களுக்குப் புதிய பக்கம் ஒன்றைப் பழக்க வேண்டியிருந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் திரையில் 'நல்வரவு' வந்துவிட்டது. பச்சை நிறத்தில், அழகாக. மனதுக்குள் இசக்கியைப் பாராட்டிக்கொண்டே எடைமேடை அறைக்குள் போனேன்.

கொஞ்ச நேரத்தில் வெளியே சத்தம். எட்டிப் பார்த்தேன். முதல் வாசலில் ஒரு டிராக்டர். அதற்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு ஒரு அம்மா நிற்கிறார். லட்சுமம்மா என்று பெயர், குந்தாரப்பள்ளிப் பக்கம் தோப்பு வைத்திருப்பவர். டிராக்டர் அவருடையது, அதில் இருந்த பழமும் அவருடையது. தன் வண்டியைத் தானே மறித்துக்கொண்டு நின்றார்.

"ஏமய்யா, அல்போன்சாவைக் கொண்டுபோய் பெங்களூராக் குவியல்ல கொட்டச் சொல்றியே, உனக்கு மூக்கு இல்லையா? மோந்து பாரு!"

எதிரில் நின்றவர் வாசல் சூப்பர்வைசர் பாஸ்கர். பாவம், காலையிலிருந்து வெயிலில் நின்று முகம் மாம்பழ நிறத்துக்கே வந்திருந்தது.

"ஸ்கிரீன்ல உங்க டோக்கனு வாசல் ஒண்ணுன்னு போட்டிருக்குதும்மா. நான் இன்னா பண்ணட்டும்?"

"ஸ்கிரீனா வந்து என் தோப்புக்குத் தண்ணி விட்டுச்சு?"

கொட்டினால் கொட்டியதுதான். பெங்களூரா மலைபோல் குவிந்து கிடக்கிற மேடையில் அல்போன்சா போய் விழுந்துவிட்டால் அதற்கு அப்புறம் பேச்சே இல்லை, பெங்களூரா விலைதான். ஒரு வருஷ உழைப்பு. அந்த அம்மா நகராததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

அதற்குள் இரண்டாவது வாசலிலிருந்து இன்னொரு கூச்சல். அல்போன்சா இறங்க வேண்டிய மேடையில் ஒரு மினி லாரி நீலத்தை இறக்கத் தொடங்கியிருந்தது. சில பழக் கிரேட்டுகள் கவிழ்ந்துவிட்டன. மூன்றாவது வாசலில் ஒரு வண்டி இல்லை, ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் வரிசை நெடுஞ்சாலை வரைக்கும் நீண்டு, ஹாரன் காதைப் பிளந்தது. இதற்கெல்லாம் நடுவில் திரைக்கு நேர் கீழே, ஆந்திராவின் குப்பம் ஊரிலிருந்து வந்த வண்டி ஒன்று நகராமல் நிற்கிறது. அதன் டிரைவர் சிரித்த முகமாகக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "நம்ம டோக்கனுக்கு மட்டும் தனியா நல்வரவு போட்டிருக்காங்க மேடம். மாலை எப்போ போடுவாங்க?" என்றார்.

நிமிர்ந்து பார்த்தேன். உண்மைதான். 'நல்வரவு' என்ற வார்த்தையை ஒட்டி அவருடைய டோக்கன் எண் தொங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு வாசலே இல்லை.

பாஸ்கர் என் பக்கம் ஓடி வந்தார். "மேடம், டிவியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணலாமா? வேற டிவி ஆபீசுல இருக்குது, மாட்டிடலாமா?"

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். இப்படி ஒரு நேரத்தில் நம் தொழில்காரர்களுக்குக் கை தானாக லேப்டாப் பையைத் தேடும். எனக்கும் தேடியது. அங்கேயே உட்கார்ந்து புரோகிராமைத் திறந்து பார்த்திருந்தால் காரணம் சீக்கிரமே தெரிந்திருக்கலாம். ஆனால் அந்தச் 'சீக்கிரத்துக்குள்' இன்னும் இரண்டு வண்டி தப்பான மேடையில் கவிழ்ந்திருக்கும். தப்புச் சொல்கிற திரையை விட இருட்டான திரை மேல். இருட்டாக இருந்தால் டிரைவர் இறங்கி வந்து கேட்பார்.

"ஆஃப் மட்டும் பண்ணுங்க. ஆன் பண்ண வேணாம்" என்றேன். "ஷிப்டுக்குக் கூப்பிடுற மைக்கு இருக்குதா?"

"இருக்குது மேடம்."

"எடைமேடை அறையில உக்காந்து நீங்களே கூப்பிடுங்க. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணுலயும். எந்த டோக்கன் எந்த வாசல்னு அங்க இருக்கற கம்ப்யூட்டர் சரியாத்தான் காட்டுது."

அது சரியாகக் காட்டியதுதான் எனக்குக் கிடைத்த முதல் பிடி. எடைமேடை அறையில் லட்சுமம்மாவின் டோக்கனுக்கு வாசல் இரண்டு என்று இருந்தது. வெளியே திரையில் ஒன்று. உள்ளே இருக்கும் தகவல் சரி, அதை வெளியே சொல்கிற இடத்தில்தான் கோளாறு. அது தெரிந்ததும் பாதி பயம் போய்விட்டது.

பாஸ்கர் மைக்கில் உட்கார்ந்தார். மனிதருக்கு இப்படி ஒரு குரல் இருக்கிறது என்று ஆலையில் யாருக்கும் அதுவரை தெரியாது. மூன்று மொழியில் டோக்கனையும் வாசலையும் சொல்லி, நடுநடுவே "ஹாரன் அடிக்கிற அண்ணன் கொஞ்சம் இளைப்பாறுங்க" என்றும் சேர்த்துக்கொண்டார். வண்டிகள் நகர ஆரம்பித்தன. லட்சுமம்மா இரண்டாம் வாசலுக்குப் போனார். போகும்போது என்னைப் பார்த்து, "கம்ப்யூட்டரம்மா நீதானா? நல்லா இருக்குது உன் கம்ப்யூட்டரு" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அவர் மேடையை அடைந்தபோது அங்கே கவிழ்ந்திருந்த நீலத்தைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவரும் புடவையைச் செருகிக்கொண்டு குனிந்துவிட்டார். "எங்கூட்டுப் பழத்தோட கலக்காதீங்க, இருங்க நான் பொறுக்கறேன்" என்று.

நான் ஓசூருக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் இரண்டு பேரும் இருந்தார்கள்.

"இசக்கி, காலையில என்ன மாத்தினே?"

"நல்வரவு மட்டுந்தான் போட்டேன் மேடம்."

"மட்டுந்தானா?"

அந்தப் பக்கம் ஒரு தொண்டைச் செருமல். "ஃபைலைத் தொறந்துட்டோமேன்னு எக்கோ எல்லாத்தையும் பிரிண்ட் ஆக்கிட்டேன். பிரிண்ட் கமாவ ஏத்துக்காதுல்லா, அதனால கமா இருந்த எடத்துல புள்ளி வச்சு ஒட்டிட்டேன். அதுல ஒண்ணும் வராது மேடம். ஏங்கிட்ட இருக்க டெஸ்ட் டேட்டாவுல ஓட்டிப் பாத்தேன், மூணு நம்பரும் வந்துது."

"நான் அப்பவே சொன்னேன்க்கா, எக்கோ மேல கை வெக்காதேன்னு!" முனிராஜின் குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

நம்பர் மூன்றும் வரத்தான் செய்தன, வேறு வேறு இடத்தில். வண்டிகள் நகர்ந்துகொண்டிருந்ததால் இப்போது லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன். நடந்தது இதுதான். பழைய வரி இப்படி இருந்தது: எக்கோ, 'வாசல் ஒன்று', கமா, வேறொரு ஃபைலில் இருந்த, டோக்கனைக் கொண்டுவரும் ஃபங்ஷன். எக்கோ கமா போட்ட துண்டுகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகும். முதலில் 'வாசல் ஒன்று' என்று சொல்லிவிடும், அப்புறம்தான் ஃபங்ஷனைக் கூப்பிடும். புள்ளி வைத்து ஒட்டினால் அப்படி இல்லை. ஒட்ட வேண்டிய எல்லாம் கைக்கு வந்த பிறகுதான் பிரிண்ட் வாயைத் திறக்கும். முதலில் ஃபங்ஷன் ஓடும். அந்த ஃபங்ஷன் எண்ணைக் கையில் கொடுத்திருந்தால் ஒரு தொந்தரவும் இல்லை. அது என்ன செய்தது தெரியுமா? தானே திரையில் எண்ணைச் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகுதான் 'வாசல் ஒன்று' வந்தது. ஆக முதல் வாசலின் எண் 'நல்வரவு' பக்கத்தில் ஒட்டிக்கொண்டது, இரண்டாம் வாசலின் எண் முதல் வாசலுக்கு, மூன்றாவது இரண்டுக்கு. மூன்றாம் வாசலுக்கு ஒன்றும் மிச்சமில்லை.

இதை நான் போனில் சொல்லி முடித்ததும் இசக்கி மெதுவாகக் கேட்டான்: "மேடம், அந்த ஃபங்ஷனுக்குள்ள எக்கோ போட்டு வச்சது யாரு?"

எழுதியது முனிராஜ்தான். சட்டென்று வருகிறது என்று உள்ளேயே ஒரு எக்கோவைப் போட்டு முடித்திருந்தான்.

இசக்கிக்கு உயிர் வந்துவிட்டது. "ஒரே வார்த்தை மேடம். ஃபங்ஷன்ல எக்கோவ எடுத்துட்டு ரிட்டர்ன் போடுதேன். இப்பமே, சர்வர்லயே. அதுதான் முறை."

அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நாங்கள் கடைசியில் செய்ததும் அதையேதான். ஆனால் அந்த நேரத்தில் நான் வேண்டாம் என்றேன்.

"அந்த ஃபங்ஷனை வேற எந்தப் பக்கமெல்லாம் கூப்பிடுது?"

கீபோர்டு தட்டும் சத்தம். "எடைமேடைப் பக்கம்... அதுலயும் இதே ஃபங்ஷன்தான்."

எடைமேடைப் பக்கத்தைப் பார்த்துத்தான் பாஸ்கர் மைக்கில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆலையில் அந்த நேரத்தில் உண்மை பேசிக்கொண்டிருந்த ஒரே திரை அது. ஃபங்ஷன் தானாகச் சொல்லும் என்ற நம்பிக்கையில் எழுதிய பக்கம். ரிட்டர்ன், அதாவது எண்ணைக் கையில் மட்டும் கொடு, என்று மாற்றியிருந்தால் அங்கே எண் வரவேண்டிய இடமெல்லாம் வெறுமையாகியிருக்கும். சரியான திருத்தம்தான். அந்த நிமிஷத்தில் அதைச் செய்திருந்தால் மொத்த ஆலையும் நின்றிருக்கும்.

"நேத்து சாயந்திரம் ஓடிக்கிட்டிருந்த ஃபைலை அப்படியே திருப்பி வை. ஒரு எழுத்து மாத்தாதே" என்றேன்.

"நல்வரவு போயிருமே மேடம்?"

"போகட்டும். நான் வாயால சொல்லிக்கறேன்."

வைத்தான். பாஸ்கரிடம் டிவியை ஆன் செய்யச் சொன்னேன். முதல் மூன்று வண்டிகளை எடைமேடைக் கணினியோடு ஒப்பிட்டுப் பார்த்தோம், சரியாக இருந்தது. பாஸ்கருக்கு மைக்கை விட மனமில்லை. குப்பம் டிரைவர் மட்டும் தன் நல்வரவு போய்விட்டதே என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். லட்சுமம்மா பழத்தை இறக்கி முடித்துவிட்டு வந்து, ஒரு அல்போன்சாவை என் கையில் வைத்துவிட்டுப் போனார். சாப்பிடக் கொடுத்தாரா, இதுதான் அல்போன்சா, தெரிந்துகொள் என்று கொடுத்தாரா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்.

ஆலைக்கு வார விடுமுறை வந்த அன்று மூன்று பேரும் உட்கார்ந்து அந்த ஃபங்ஷனைக் கூப்பிடும் பக்கங்களை எல்லாம் தேடி எடுத்தோம். ஃபங்ஷன் இனிமேல் திரையில் ஒன்றும் பேசாது, விடையைக் கையில் மட்டும் கொடுக்கும் என்று மாற்றினோம். திரையில் பேசுவது பக்கத்தின் வேலை. இது செய்து முடித்த பிறகு வேடிக்கை பாருங்கள், கமாவா புள்ளியா, எக்கோவா பிரிண்டா என்பதில் அந்தப் பக்கத்துக்கு ஒரு வித்தியாசமும் இல்லாமல் போய்விட்டது. எதைப் போட்டாலும் எண் தன் இடத்திலேயே நின்றது. இத்தனை நாள் சண்டை போட்டது எதற்கு என்று இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இருந்தாலும் ஒரு முடிவு வேண்டுமே. எக்கோ என்று முடிவு செய்தேன். நம் ஃபைல்களில் ஏற்கெனவே அதிகம் இருந்தது அதுதான், வேறு தத்துவம் எதுவும் இல்லை. இசக்கி, "பெரும்பான்மைக்குக் கட்டுப்படுதேன்" என்று எழுந்து நின்று சொன்னான். வேறு அலுவலகத்துக்குப் போகிறீர்களா, அங்கே எல்லாம் பிரிண்டாக இருக்கிறதா, பேசாமல் பிரிண்ட் எழுதுங்கள். நல்வரவு போடச் சொன்னால் நல்வரவு மட்டும் போடுங்கள். சுத்தம் செய்ய ஆசை வந்தால் அதற்கென்று தனியாக ஒரு நாள் வையுங்கள், அதைத் தனியாக ஓட்டிப் பாருங்கள்.

இதோடு முடித்திருப்பேன், ஆனால் எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான்.

அடுத்த வாரம் திருத்திய பக்கத்தை ஏற்றினோம், நல்வரவும் திரும்ப வந்தது. இரண்டு பேரையும் ஆலைக்கு அனுப்பினேன். "இங்கேருந்தே பாக்கலாம்லா மேடம்" என்று இசக்கி முணுமுணுத்தான். போய் அந்த டிவிக்குக் கீழே கொஞ்ச நேரம் நில்லுங்கள் என்றேன். அவன் எழுதிய எதையும் அவன் அதுவரை தன் மானிட்டரில் தவிர வேறெங்கும் பார்த்ததில்லை.

மீதியை முனிராஜ் சொல்லித்தான் தெரியும். நின்றிருக்கிறார்கள். ஒரு டிரைவர் வண்டியிலிருந்து இறங்கி வந்து, டோக்கனை நீட்டி, திரையில் இதற்கு எந்த வாசல் என்று எழுதியிருக்கிறது எனத் தெலுங்கில் கேட்டிருக்கிறார். அவருக்குத் தமிழ் படிக்க வராது. இசக்கி படித்துச் சொன்னான். அவர் போனதும் இன்னொருவர். இவருக்குத் தமிழ் தெரியும், ஆனால் உச்சி வெயிலில் டிவி கண்ணாடி மாதிரிப் பளபளத்ததில் பச்சை எழுத்து தெரியவில்லை. அப்புறம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒரு பெரியவர். கொஞ்ச நேரத்தில் இசக்கியைச் சுற்றி ஒரு சின்னக் கூட்டம். அவன் நாங்குநேரித் தமிழில் சத்தமாகப் படிக்க, பாதிப் பேருக்கு அது புரியாமல், பக்கத்தில் நின்று முனிராஜ் தெலுங்கிலும் கன்னடத்திலும் சொல்ல, இரண்டு பேரும் மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டு அங்கேயே நின்றிருக்கிறார்கள்.

சாயந்திரம் அலுவலகத்துக்கு வந்தார்கள். இசக்கியின் மூக்கு நுனி வெயிலில் சிவந்திருந்தது. எல்லாம் சரியாக ஓடியதா என்று கேட்டேன்.

"நம்பர் சரியாத்தான் வருது மேடம்" என்றான். உட்காரவில்லை. "ஆனா மூணு மொழியிலயும் போடணும். பச்சை வேண்டாம், கறுப்புல மஞ்சளாப் போட்டாத்தான் வெயில்ல தெரியும். நம்பரு இந்த உசரத்துக்கு இருக்கணும்." இரண்டு கையையும் அகலமாக விரித்துக் காட்டினான்.

முனிராஜ் விடுவானா? "எக்கோலயா, பிரிண்ட்லயா?" என்றான்.

"எதுலயாச்சும் போடுல" என்று சொல்லிக்கொண்டே இசக்கி நாற்காலியை இழுத்தான். "அவிய வெயில்ல நிக்காவ."